அணைக்கரைச் சாலையும் நம் பேருந்தும்

சென்ற ஆவணியில் நம் மன்றம் முல்ஷி ஏரிக்குச் சுற்றுலா சென்றதை உறுப்பினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஐம்பது பேர், ஒரு பேருந்து, அதனுள் முன்னும் பின்னுமாக இரண்டு ஒலிபெருக்கிகள். பவுட் ஊரைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் கார்கள், பின்னாலும் கார்கள். ஒன்றரை மணி நேரம் ஓரடியும் நகரவில்லை. நாமோ பாட்டை நிறுத்தவில்லை. பால் கேன்களைக் கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், நம் பேருந்துக்கும் சாலையோரப் பள்ளத்துக்கும் இடையே நுழைய முயன்றார். முடியவில்லை. மழையில் நனைந்தபடியே நின்றார். நம்மில் ஒருவர் இரக்கப்பட்டுச் சாளரத்தின் வழியே பிஸ்கட் பொட்டலம் ஒன்றை நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை.

ஏரியைப் பார்த்தோமா? பார்த்தோம்; கண்ணாடி வழியாகப் பதினைந்து நிமிடம்.

அந்தக் குறை என் மனத்தைவிட்டு அகலவில்லை. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்குமுன், கியர் இல்லாத என் பழைய சைக்கிளில் அதே ஏரிக்குப் புறப்பட்டேன். புனேயிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். சாந்தினி சவுக்கிலிருந்து பிரங்குட் வரை உள்ள பகுதியைப் புகழ எனக்கு விருப்பமில்லை. லாரியும் புழுதியுமே மிகுதி. பவுட்டுக்கு அப்பால்தான் சாலை மூச்சுவிடுகிறது. அறுவடைக்கு நிற்கும் நெல்வயல்கள், ஓரிடத்தில் முளா ஆறு, எதிரே சுவர்போல் எழும் சஹ்யாத்ரி. அணையைக் கடந்தபின் ஏரியின் கைகள் மலை மடிப்புகளுக்குள் நீண்டு கிடக்கின்றன. சாலையும் அவற்றோடு ஏறி இறங்கி, வளைந்து வளைந்து செல்கிறது. காலை ஏழு மணிக்கு அங்கே கேட்பவை மூன்றே ஒலிகள்: நம் சைக்கிள் சங்கிலி, எங்கோ சீழ்க்கையடிக்கும் ஒரு பறவை, நம் மூச்சு. மூன்றாவதுதான் உரக்கக் கேட்கும்.

மேட்டில் ஏறும்போது இயற்பியல் மாணவனுக்குக் கணக்கு நினைவு வருவது இயல்பு. ஆளும் வண்டியுமாக எண்பது கிலோ. முந்நூறு மீட்டர் உயரம் ஏறவேண்டுமென்றால் சுமார் 235 கிலோ ஜூல் வேலை. நம் தசை தான் பெறும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. ஆகவே செலவு ஏறத்தாழ 225 கலோரி, நான்கைந்து இட்லி! அந்த வழியில் இட்லி கிடைக்காது என்பது வேறு செய்தி. அவல் உப்புமா கிடைக்கும், அதுவும் நன்று.

அவலுக்காக ஒரு கடையில் இறங்கினேன். கடைக்கார முதியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மராத்தியில் கேட்டார்: “பாளா, இன்று பாட்டு இல்லையா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. நகரத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் பாட்டோடுதான் வருவார்கள் என்று அவர் எண்ணியிருந்தார். “இல்லை, காகா” என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். என் அரைகுறை மராத்தியில் ஊரைப்பற்றி விசாரித்தேன். அவர் நீரை நோக்கிக் கையை நீட்டி, “ஊர் அங்கே இருந்தது” என்றார்.

நாம் நாள்தோறும் சேனாபதி பாபட் சாலை வழியே போகிறோம், வருகிறோம். அந்தச் சேனாபதி யாரென்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? முல்ஷியில் டாட்டா நிறுவனம் அணை கட்ட முற்பட்டபோது, நிலம் இழக்கவிருந்த மாவள உழவர்கள் 1921-இல் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அதற்குத் தலைமை தாங்கிச் சிறை சென்றவர் பாண்டுரங்க மகாதேவ பாபட். மக்கள் அவருக்குச் ‘சேனாபதி’ என்று பட்டம் கொடுத்தார்கள். மூன்றாண்டுகள் நடந்த போராட்டம் தோற்றது; அணை எழுந்தது. அந்த ஏரியின் நீர் குழாய் வழியே சுமார் 500 மீட்டர் கீழே கொங்கணத்திலுள்ள பீராவில் விழுந்து, பம்பாய்க்கு மின்சாரமாகிறது. ஆயிரம் லிட்டர் நீர் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். வேண்டாத மின்சாரம் என்று நான் சொல்லவில்லை. என் ஆய்வகமும் மின்சாரத்தால்தான் ஓடுகிறது. ஆனால் அந்தச் சாலையின் அமைதியை வெறும் இயற்கை அழகென்று எண்ணிவிடக் கூடாது. அங்கே ஊர்கள் இல்லாமற் போனதும் அந்த அமைதிக்கு ஒரு காரணம்.

இது எனக்குப் புதிய செய்தியும் அன்று. நான் மேட்டூர்ப் பக்கத்தவன். 1934-இல் கட்டிமுடிந்த அணைக்குள் என் பாட்டியின் தந்தையார் உழுத நிலம் கிடக்கிறது. நீர்மட்டம் தாழ்ந்த ஆண்டுகளில் பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரியும். மக்கள் கூட்டங்கூட்டமாய்ப் பார்க்க வருவார்கள். பாட்டி ஒருமுறைகூட வந்ததில்லை. “பார்க்க என்ன இருக்கு?” என்பாள். முல்ஷிக் கடையில் அமர்ந்திருந்தபோது அந்தக் குரல்தான் என் காதில் ஒலித்தது.

பத்து மணிக்கு நான் திரும்பும்போது கார்கள் வரத் தொடங்கிவிட்டன. அடுத்தடுத்து அறுபதுவரை எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினேன். கடைக்காரரின் பேத்தி அந்நேரம் சாலையைக் கடக்க நின்றுகொண்டிருந்தாள். நான் ஒரு வளைவைக் கடந்து திரும்பிப் பார்த்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

என் கருத்து இதுதான். மழைக்காலத்திலும் அதை அடுத்த மாதங்களிலும், ஞாயிறுதோறும் காலை பத்து மணிவரையாவது, அணைக்கரைச் சாலைகளில் வெளியூர்க் கார்களையும் சுற்றுலாப் பேருந்துகளையும் விடக்கூடாது. ஊராரின் வண்டிகளும் அரசுப் பேருந்தும் தாராளமாகப் போகட்டும். இது நடவாத காரியம் என்பீர்கள். எங்கள் ஆய்வகத்தில் முன்பு பயின்ற அண்ணன் ஒருவர் இப்போது இங்கிலாந்தில் ஷெப்பீல்டில் இருக்கிறார். அதற்கு மேற்கே டெர்வென்ட் பள்ளத்தாக்கு. மேலே மரமற்ற ‘மூர்’ மேடுகள். ஆகஸ்டில் ஹெதர்ப் பூக்களால் ஊதாநிறம் கொள்ளும். கீழே ஹௌடன், டெர்வென்ட், லேடிபவர் என மூன்று நீர்த்தேக்கங்கள். லேடிபவருக்காக டெர்வென்ட், ஆஷப்டன் என்னும் இரண்டு ஊர்கள் மூழ்கின. இன்று அந்த ஏரிக்கரைச் சாலையின் மேற்பகுதியில் வார இறுதி நாட்களில் கார்கள் போக முடியாது. நடப்போரும் சைக்கிளோட்டிகளும் செல்லலாம். அண்ணன் எழுதியிருந்தார்: “ஆட்டுக்குட்டி சாலை நடுவே படுத்திருக்கிறது, தம்பி. நாம்தான் சுற்றிப் போகிறோம்.” அங்கே நடப்பது இங்கே நடக்கக்கூடாதா? நம்முடையது முட்டுச்சாலை அன்று. தாம்ஹிணி வழியாகக் கொங்கணத்துக்கு இறங்கும் சாலை என்பது உண்மைதான். அதனால்தான் முழுநாளைக் கேட்கவில்லை, காலைப் பொழுதை மட்டும் கேட்கிறேன்.

அரசிடம் கேட்பதற்குமுன் நம் மன்றத்திடம் கேட்கிறேன். இந்த ஆண்டு பேருந்து வேண்டாம். நம் செயலாளர் இதைப் படித்துச் சிரிப்பார். முன்பணம் கொடுத்தாகிவிட்டதோ என்னவோ! பெண்கள் எப்படி வருவார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். வேதியியல் துறைத் தோழியர் இருவர் பிரங்குட் ஏற்றத்தில் என்னை முந்திச் சென்று, மேலே எனக்காகக் காத்திருந்த கதையை அவருக்குச் சொன்னேன். அவர்களுக்கு உள்ள இடர் ஏற்றம் அன்று. விடிவதற்குமுன் விடுதிக் கதவு திறக்காததுதான். அதற்கு மன்றம் முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுதவேண்டும்.

எண்பது கிலோமீட்டர் பலருக்கு மிகுதி. முதல்முறை வருவோர்க்குக் கடக்வாஸ்லா ஏரியின் வடகரையில் குட்ஜே ஊர்ப்பக்கம் போய் வருவதே போதும். அந்த அணைக்கும் ஒரு கதை உண்டு. 1961 ஜூலை 12 அன்று, கட்டிமுடியாத பான்ஷேத் அணை உடைந்து, அந்த வெள்ளம் கடக்வாஸ்லாவையும் உடைத்துப் புனேயைப் பாழாக்கியது. கரையில் அமர்ந்து பேசிக்கொள்வோம். சுற்றிலும் உள்ள சரிவுகளில் கார்வி என்ற புதர் நிற்கும். ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூக்கும் அது நம் குறிஞ்சியின் இனம். பூக்காத ஆண்டிலும் உறவினரைப் பார்த்துவிட்டு வரலாம் அன்றோ?

மாசி முதல் ஞாயிறு, காலை ஐந்து மணிக்கு விடுதி வாயிலில் நிற்பேன். சைக்கிளுக்கு முன்விளக்கும் பின்விளக்கும் இருக்கட்டும். பிரேக் கட்டைகளைச் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள். காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் என்னிடம் உண்டு. ஒலிபெருக்கி வேண்டாம். கடைக்காரக் காகாவிடம் எத்தனை பேருக்கு அவல் என்று முன்னதாகச் சொல்லவேண்டும். வருவோர் வியாழனுக்குள் பெயர் தருக.