தோல்விக்கு அழலாம், தோற்றவனைத் துரத்தலாமா?

"இன்னும் ஒரே ஒரு ஆள் அவுட் ஆனால் போதும். பட்டம் நமக்குத்தான்!"

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு டெலிவிஷன் முன் உட்கார்ந்திருந்தார்கள். 1986-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 25-ந் தேதி இரவு அது.

நடந்த ஆட்டம், பேஸ்பால். கிரிக்கெட்டைப் போலவே பந்தை மட்டையால் அடித்துவிட்டு ஓடும் ஆட்டம். மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு கோஷ்டியின் முறை முடிந்துவிடும்.

பாஸ்டன் "ரெட் சாக்ஸ்" கோஷ்டியும் நியூயார்க் "மெட்ஸ்" கோஷ்டியும் மோதின. 7 ஆட்டங்களில் 4-ல் ஜெயித்தவருக்குப் பட்டம். பாஸ்டன் ஏற்கனவே 3 ஆட்டங்களில் ஜெயித்திருந்தது. 6-வது ஆட்டத்திலும் 5-க்கு 3 என்று முன்னால் நின்றது. மெட்ஸில் இரண்டு பேர் அவுட்.

பாஸ்டன் கடைசியாகப் பட்டம் வென்றது 1918-ம் ஆண்டு. 68 ஆண்டு ஏக்கம் தீரப்போகிறது!

ஆனால், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

கால் நடுவே போன பந்து

மெட்ஸ் ஆட்டக்காரர்கள் மூன்று பேர் வரிசையாகப் பந்தை அடித்து ஓடினார்கள். ஒரு ரன் கிடைத்தது. பிறகு பாஸ்டன் வீச்சாளர் எறிந்த பந்து ஒன்று திசை தவறிப் போயிற்று. 5-க்கு 5. ஆட்டம் சமம்!

அடுத்து மெதுவாக உருண்டு வந்தது ஒரு பந்து. முதல் கட்டத்தில் காவல் நின்றவர் பில் பக்னர். வயது 36. குனிந்தார். பந்து அவர் கால்களுக்கு நடுவே புகுந்து போய்விட்டது. மெட்ஸ் ஜெயித்தது.

இரண்டு நாள் கழித்து நடந்த 7-வது ஆட்டத்திலும் பாஸ்டன் தோற்றது. பட்டம் போயிற்று.

பழி யார் தலையில்?

ரசிகர்களில் பலர் பக்னர் ஒருவர் மீதே பழியைப் போட்டார்கள். ஏசினார்கள். கொலை மிரட்டல்கூட வந்தது.

இது நியாயமா?

பந்து பக்னரிடம் வரும் முன்பே ஆட்டம் சமமாகிவிட்டது. அவர் அதைப் பிடித்திருந்தாலும் ஆட்டம் தொடர்ந்திருக்குமே தவிர, வெற்றி உறுதி இல்லை. 7-வது ஆட்டத்தில் பாஸ்டன் முதலில் 3-க்கு 0 என்று முன்னால் நின்றது. அதையும் கோட்டை விட்டது. அதற்குமா பக்னர் ஒருவர் பொறுப்பு?

கணுக்கால் வலிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு ஆடியவர் அவர். அந்த ஆண்டு மட்டும் தம் அடியால் 102 ரன்கள் கிடைக்கச் செய்தவர். அதெல்லாம் மறந்துபோயிற்று. ஒரு பந்து மட்டும் நினைவில் நின்றது!

ஊர் கூடி இழுத்த தேர் நின்றுவிட்டால், கடைசியில் வடம் பிடித்தவனை மட்டும் அடிப்பதா?

"காசு கொடுத்துப் பார்க்கிறோம். கேட்கக் கூடாதா?" என்று சிலர் சொல்வார்கள். கேட்கலாம். "இந்த ஆட்டம் சரியில்லை" என்று தாராளமாகச் சொல்லலாம். தோல்வியை எண்ணி அழவும் செய்யலாம். ஆசை வைத்த மனம் அழத்தான் செய்யும். ஆனால் டிக்கெட் வாங்கிய காசு, ஒரு மனிதனின் நிம்மதிக்கு விலை அல்ல. ஆட்டக்காரனுக்கும் வீடு உண்டு. மனைவி மக்கள் உண்டு.

கண்ணீரைத் துடைத்தார்

எல்லா ரசிகர்களும் ஏசவில்லை. 1990-ல் பக்னர் மீண்டும் பாஸ்டனுக்காக ஆட வந்தபோது கைதட்டி வரவேற்றார்கள். ஆனாலும் ஏச்சு ஓயவில்லை. அவர் குடும்பத்துடன் தொலைவில் உள்ள ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபோனார்.

2004-ம் ஆண்டு பாஸ்டன் பட்டம் வென்றது. 2008-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி பக்னரை மைதானத்துக்கு அழைத்தார்கள். கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. பக்னர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். 2019-ல் அவர் காலமானார்.

பந்து கைதவறிப் போக ஒரு நொடி. அதை மன்னிக்க 22 ஆண்டு!

ஜெயித்த அன்று கைதட்ட ஊரே வரும். தோற்ற அன்று, "போகட்டும், அடுத்த முறை பார்க்கலாம்" என்று சொல்பவனே உண்மையான ரசிகன்.