தூக்கம் வராத இரவில் ஜெபம்

"தூக்கம் வரலையா, ஜெபம் பண்ணு" என்பார்கள் நம் வீடுகளில். ஆனால் ஜெபம் தூக்க மாத்திரை அல்ல என்பதே என் கருத்து. 77ஆம் சங்கீதத்தைப் பாடியவருக்கும் இரவில் தூக்கம் வரவில்லை. கடவுள் கைவிட்டுவிட்டாரோ என்று சந்தேகப்படுகிறார். 88ஆம் சங்கீதமோ ஆறுதல் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. வேதாகமத்தில் இவையும் ஜெபங்கள்தான்.

அதனால் இரவு 3 மணிக்கு நான் அழகான வார்த்தைகளைத் தேடுவதில்லை. பயத்தையும் கோபத்தையும் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் அப்படியே சொல்கிறேன். பிரச்சினை காலையிலும் இருக்கும். அதை நான் தனியாகச் சுமக்கவில்லை என்பதுதான் எனக்குக் கிடைக்கும் சமாதானம்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லையென்றால் டாக்டரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.