வயரை வெட்டு... பர்ஸை வெட்டாதே!

விடிகாலை அஞ்சரை மணி. காசிமேட்டுல மீன் ஏலம் களைகட்டுற நேரம். ராயபுரத்துல இருந்து எண்ணூர் பக்கமா 'சர்ர்ர்'னு ஒரு டைம் ட்ரையல் சைக்கிள் பறக்குது. ஓட்டுறது நம்ம காலேஜ் தம்பி ஒருத்தர். போன வாரம் பிடிச்சுக்கிட்டார்.

''அண்ணா, உப்புக் காத்துல கியர் கேபிள் துருப்பிடிச்சே சாகுது. வயர்லெஸ் கியர் போட்டுடவா? செமஸ்டர் ஃபீஸ் பணம் கைல இருக்கு!''

மொதல்ல ஃபீஸைக் கட்டுங்க தம்பி. மிச்சத்தை அப்புறம் பேசுவோம்!

வயர்லெஸ்ல என்ன லாபம்? டைம் ட்ரையல் சைக்கிள்ல, முன்னால நீட்டிக்கிட்டிருக்கிற ரெண்டு கம்பியில முழங்கையை ஊன்றிப் படுத்துதான் ஓட்டணும். கியர் அந்தக் கம்பி நுனியில, பிரேக் கீழ் ஹேண்டில்பார்ல. திருப்பத்துல பிரேக்குக்குக் கை போயிட்டா, கியர் மாத்த முடியாது. எலெக்ட்ரானிக்ல ரெண்டு இடத்துலயும் பட்டன் வைக்கலாம். நிஜமான லாபம் இதுதான். கேபிள் துரு ஒழியுறது போனஸ்.

கம்மி செலவுக்கு ரூட் இதோ. சென்னை தட்டையான ஊர். முன்னால ஒரே பல்சக்கரம் போதும். பின்னால செயினைத் தள்ளுற டீரெய்லரையும் பட்டன்களையும் மட்டும் மாத்துங்க. பிரேக் அப்படியே இருக்கட்டும்.

உங்க சைக்கிள் 11 ஸ்பீடா? 2016-ல விற்பனைக்கு வந்த ஸ்ராம் ரெட் ஈடேப், செகண்ட் ஹேண்ட்ல தேடலாம். பழைய காசெட்டோட ஒத்துப்போகும். ஆனா, பட்டன்களை இணைக்கிற பிளிப்பாக்ஸ், பேட்டரி, சார்ஜர் மூணும் இருக்கான்னு பார்க்காம பணம் தராதீங்க. 2021-ல வந்த ரைவல் ஈடேப், அப்போ ஸ்ராம் ரோடு வயர்லெஸ்லயே விலை குறைஞ்ச ரகமா இருந்துச்சு. ஆனா அது 12 ஸ்பீடு. காசெட், செயின், சில சமயம் வீல் ஹப் பாகம் வரைக்கும் மாத்த வேண்டி வரும். பட்ஜெட் பஞ்சர்! சீன மாடலா? டைம் ட்ரையல் பட்டன் அதுக்குக் கிடைக்குதான்னு மொதல்ல கேளுங்க.

இன்னொண்ணு... உப்புக் காத்து பேட்டரி முனையையும் விடாது. துடைச்சு வைக்கணும்.

பணமே இல்லையா? நோ டென்ஷன்! கேபிளையும் அதோட உறையையும் புதுசா மாத்துங்க. உட்கார்ற பொசிஷனைச் சரி பண்ணுங்க. 1989 டூர் டி ஃபிரான்ஸ் கடைசி நாள். 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல். 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், முன்னால நீட்டின அந்தக் கம்பியில உடம்பைக் குறுக்கிப் படுத்தார். மொத்தப் போட்டியையும் 8 விநாடியில ஜெயிச்சார். அவர் சைக்கிள்ல கியருக்கு பேட்டரி ஏது?

தம்பி இப்போதைக்குப் புது கேபிள்தான் போட்டிருக்கார். ஃபீஸும் கட்டியாச்சு. வயர்லெஸ்ஸுக்கு உண்டியல் ஆரம்பம்!

கியருக்கு பேட்டரி கடையில கிடைக்கும் பாஸ். தொடைக்கு நாமதான் சார்ஜ் ஏத்தணும்!