பருப்பு வரவில்லை என்பது பதிலாகாது

"பருப்பு இன்னும் வரல." "பாமாயிலுக்கு இருபதாம் தேதிக்கு மேல வாங்க." "சர்வர் கிடைக்கல." "இன்னைக்கு இங்க கடை கிடையாது, சேல்ஸ்மேன் அந்தக் கடைக்குப் போயிருக்காரு." தமிழ்நாட்டில் குடும்ப அட்டை வைத்திருப்பவர்களில் இவற்றில் ஒன்றையாவது கேட்காதவர் அரிது. ரேஷன் கடையின் ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து வரும் இந்தப் பதில்கள் இப்போது யாருக்கும் கோபத்தைக்கூட மூட்டுவதில்லை. காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மக்கள் பழகிப்போனதையே நிர்வாகம் தனக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டிருக்கிறது. முதலில் கண்டிக்க வேண்டியது அந்த மெத்தனத்தைத்தான்.

தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டத்தை மட்டம் தட்டுவது நம் நோக்கமல்ல. 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்தபோது, எல்லோருக்குமான கடை என்ற நிலையை விட்டுக்கொடுக்காத மாநிலம் இது. 2011 ஜூன் முதல் இங்கே அரிசிக்கு விலை கிடையாது. 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள், மூலை முடுக்கெல்லாம் கடைகள். வெள்ள நிவாரணமா, கொரோனா கால உதவித்தொகையா, பொங்கல் பரிசா, எதுவானாலும் மக்களிடம் கொண்டுசேர்க்க அரசு நம்புவது இந்தக் கடைகளைத்தான். இப்படிப்பட்ட அமைப்பை வைத்துக்கொண்டு மாதா மாதம் ஒரு கிலோ பருப்புக்கு ஜனங்களை அலையவிடுவதை எப்படிச் சகித்துக்கொள்வது?

2007இல் தொடங்கப்பட்ட சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்படி துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்க வேண்டும். 2024இல் வெளிச்சந்தையில் துவரம் பருப்பு கிலோ 150 ரூபாயைத் தாண்டி விற்றது. கடையில் 'இல்லை' என்று ஒரு சொல் விழுந்தால், சாம்பார் வைக்கிற வீட்டுக்கு அந்த மாதம் பருப்பில் மட்டும் நூறு ரூபாய்க்கு மேல் நட்டம். எண்ணெய்க்கு ஆகிற கூடுதல் செலவு தனி. தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு வேளை வேலையை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தால் அந்தக் கூலியும் போயிற்று. அரசுக்கோ, கொடுக்காத பருப்புக்கு மானியச் செலவு இல்லை. வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. தவறு நேர்ந்தால் நட்டம் ஏழைக்கு, மிச்சம் கருவூலத்துக்கு என்கிற ஏற்பாட்டில், தவறைத் திருத்த யாருக்கு அவசரம் இருக்கும் என்றுதான் கேட்கிறோம்.

2024 மே, ஜூன் மாதங்களில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மக்களவைத் தேர்தலையொட்டி மார்ச் 16 முதல் நடத்தை விதிகள் அமலில் இருந்ததால் ஒப்பந்தப்புள்ளிகளை இறுதிசெய்ய முடியவில்லை, கொள்முதல் தாமதமாகிவிட்டது என்றது அரசு. மே மாதப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. பிறகு ஜூன் மாதத்துக்கானதை ஜூலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இன்னொன்று வந்தது. மக்களவையின் ஐந்தாண்டுக் காலம் 2024 கோடையில் முடியப்போகிறது என்பது 2019இலேயே தெரியும். மாதத்துக்குச் சுமார் 20,000 டன் துவரம் பருப்பும் 2 கோடி பாக்கெட் பாமாயிலும் தேவை என்பதும் புதிய செய்தியல்ல. அப்படியிருக்க, தை மாதத்திலேயே கோடைக்கான கொள்முதலை முடித்திருக்க வேண்டாமா? தேர்தல் விதியைக் காரணம் காட்டியது, கோப்பை உரிய காலத்தில் நகர்த்தாதவர்கள் கண்டுபிடித்த நல்ல சாக்கு.

அந்த அறிவிப்புகளில் ஒரு நியாயம் இருந்ததை மறுக்கவில்லை. விட்டுப்போன மாதத்தை மறுமாதம் வாங்கலாம் என்று அரசே ஒப்புக்கொண்டது. ஆனால் அது அந்த நெருக்கடிக்கான சலுகையாகவே நின்றுபோனது. சாதாரண மாதங்களில் கடைசித் தேதி கடந்தால் கணக்கு முடிந்தது. சரக்கு 28ஆம் தேதி வந்தாலும், 30ஆம் தேதிக்குள் தீர்ந்துபோனாலும், கிடைக்காதவருக்குக் கிடைக்காததுதான். அரிசி, கோதுமைக்காவது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தகுதியுள்ள குடும்பத்துக்குத் தானியம் வழங்கப்படாவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படி கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 8ஆம் பிரிவு. பருப்புக்கும் பாமாயிலுக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. மாநில அரசின் திட்டம் என்பதால் மாநில அரசின் மனசுதான் அவற்றுக்குச் சட்டம்.

சரக்குத் தட்டுப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான். மீதி, கடைக்கு உள்ளே இருக்கிறது. அதாவது, இருக்க வேண்டிய ஆள் இல்லாமல் இருக்கிறது.

ஒரு கடைக்கு 1,000 அட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாள் கடை திறந்தால் நாளுக்கு 40 பேர். ஒருவர் கைரேகை வைக்க, பில் போட, அரிசியும் சர்க்கரையும் அளக்க எவ்வளவு நேரமானாலும், 40 பேரைக் கவனிக்க முடியாத வேலை இல்லை. பிறகு ஏன் கூட்டம்? பருப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் எல்லோருக்கும் போதுமா என்ற நம்பிக்கை கிடையாது. அட்டைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சரக்கு அனுப்புவதில்லை என்று விற்பனையாளர்களே குறைசொல்கிறார்கள். ஆகவே லாரி வந்த சேதி தெருவில் பரவியதும் ஊரே ஓடிவருகிறது. காலை ஏழு மணிக்கே பைகளும் செங்கற்களும் வரிசையில் இடம்பிடித்திருக்கின்றன. அன்று அங்கே நாற்பது பேர் இல்லை, நானூறு பேர். ஜன்னலுக்குப் பின்னால் ஒரே ஆள். சரக்கை முறையாக அனுப்பாமல் கூட்டத்தை உண்டாக்குவதும் அரசு. அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க ஆள் போடாமல் விடுவதும் அரசு.

கட்டுநர் என்று ஒரு பணியிடம் இருக்கிறது. அரிசி அளந்து பையில் போடுவது, மூட்டையை நகர்த்துவது அவர் வேலை. விற்பனையாளர் பில் போட, கட்டுநர் எடை போட, வரிசை நகரும். ஆனால் எத்தனையோ கடைகளில் அந்தப் பணியிடம் காகிதத்தில்தான் உண்டு. விற்பனையாளரே பில்லும் போட்டு, எழுந்து போய் அரிசியும் அளந்து, திரும்பி வந்து அடுத்தவரின் விரலைக் கருவியில் அழுத்தச் சொல்கிறார். இன்னும் சிலர் தங்கள் செலவில் ஓர் உதவியாளரை வைத்துக்கொள்கிறார்கள். அந்த உதவியாளரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை எந்த அதிகாரியும் கேட்பதில்லை. பதில் தராசுத் தட்டில் இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

இரண்டு மூன்று கடைகளை ஒரே விற்பனையாளர் தலையில் கட்டுவது இன்னொரு கொடுமை. திங்கள், செவ்வாய் இந்தக் கடை, புதன் முதல் அந்தக் கடை. எந்த நாள் எது என்று பலகையில்கூட எழுதுவதில்லை. அட்டைதாரர் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது கொள்கை. பூட்டிய கடைக்கு எத்தனை முறை நடக்கலாம் என்பதற்கு மட்டும் கொள்கை இல்லை.

ஆளெடுக்கவே இல்லையா என்றால், எடுக்கிறார்கள். 2022இலும் 2024இலும் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் வழியாக விற்பனையாளர், கட்டுநர் பணிகளுக்கு அறிவிப்பு வந்தது. அதில் அறிவித்த ஊதியத்தைப் பாருங்கள். முதல் ஆண்டுக்குத் தொகுப்பூதியமாக விற்பனையாளருக்கு மாதம் 6,250 ரூபாய், கட்டுநருக்கு 5,500 ரூபாய். மேஸ்திரியிடம் சித்தாளாகப் போகிறவர் பத்துப் பன்னிரண்டு நாளில் சம்பாதிக்கும் தொகை இது. ஓராண்டுக்குப் பிறகு ஊதிய விகிதம் உண்டு என்பார்கள். அந்த ஓராண்டு அவர் எதைச் சாப்பிடுவார்? லட்சக்கணக்கான ரூபாய்ச் சரக்குக்குப் பொறுப்பேற்கும் ஒருவருக்கு மாதம் 6,250 ரூபாய் கொடுத்துவிட்டு அவரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது அரசின் வெகுளித்தனமா, சாமர்த்தியமா என்று தெரியவில்லை.

எடை விஷயத்துக்கு வருவோம். தராசைப் பில் போடும் கருவியுடன் புளூடூத் வழியாக இணைத்து, சரியான எடை விழுந்தால்தான் பில் வரும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். அட்டைதாரரின் பக்கம் நின்று பார்த்தால் இது வரவேற்க வேண்டிய ஏற்பாடு. அளவில் ஏமாற்றப்படுவது ரேஷன் கடையின் மிகப் பழைய புகார். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் கூடுதல் நேரமாகிறது என்று ஊழியர்கள் போராடியதிலும் உண்மை இருக்கிறது. ஒரே ஆள் இருக்கும் கடையில் கருவியைக் கூட்டினால் வரிசைதான் நீளும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து வரும் 50 கிலோ மூட்டையில் சில கிலோ குறைகிறது என்று ஊழியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கத்துகின்றன. கடை வாசலில் மூட்டையை எடைபோட்டு இறக்குங்கள், இல்லையேல் பொட்டலமாகக் கொடுங்கள் என்று கேட்கின்றன. கடையில் கிராம் கணக்கு, கிடங்கிலோ மூட்டைக் கணக்கு! கடையில் ஆய்வுக்கு வரும் அதிகாரி இருப்புக் குறைந்தால் விற்பனையாளருக்கு அபராதம் போடுகிறார். அந்தக் குறைவு எங்கே தொடங்கியது என்று கிடங்குப் பக்கம் அவர் திரும்புவதில்லை.

இவ்வளவு சொன்னதால் கடை ஊழியர்கள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று ஆகிவிடாது. வாங்காத பருப்பை வாங்கியதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறதே, அந்தப் பருப்பு எங்கே போனது? "இல்லை" என்று சொன்ன பாமாயில் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன கதைகள் எந்த ஊரில் இல்லை? உப்பும் டீத்தூளும் வாங்கினால்தான் சர்க்கரை என்று கட்டாயப்படுத்துவதும் நடக்கிறது. கடையை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை இலக்கு என்று அதற்கொரு விளக்கமும் வருகிறது. வயதான அம்மா ஒருவரிடம் வேண்டாத உப்பைத் திணித்து இலக்கை எட்டும் கூட்டுறவுச் சங்கம், வெட்கப்பட வேண்டாமா? ஆள் பற்றாக்குறையும் குறைந்த ஊதியமும் திருட்டுக்கு நியாயமாகாது. போலிப் பில் போட்டவர் மீது வழக்கு வர வேண்டும், இடமாற்றம் அல்ல.

யாரிடம் போய்க் கேட்பது என்பது அடுத்த வேடிக்கை. கொள்முதலும் கிடங்கும் உணவுத் துறையின் கீழ் வரும் நுகர்பொருள் வாணிபக் கழகத்துடையவை. பெரும்பாலான கடைகளும் அவற்றின் ஊழியர்களும் கூட்டுறவுத் துறையின் கையில். அட்டை விவகாரம் வட்ட வழங்கல் அலுவலரிடம். சரக்கு வரவில்லை என்று கூட்டுறவுத் துறையில் கேட்டால் கழகத்தைக் கேள் என்கிறார்கள். கழகத்தில் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். பொது விநியோகத் திட்டத்துக்குத் தனித்துறை வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக நிலுவையில் கிடக்கிறது. 2025 ஆகஸ்டில், முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் வண்டியில் போவதும் ஏற்கெனவே ஆள் போதாத அதே கடையின் ஊழியர்தான். புதிய பெயருடன் புதிய திட்டத்தை அறிவிப்பதற்கு முன் புதிய ஆட்களை நியமிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா?

கோதுமைக்கும் மண்ணெண்ணெய்க்கும் மத்திய அரசின் ஒதுக்கீட்டைக் கை காட்டலாம், அதில் உண்மையும் இருக்கிறது. பருப்புக்கும், பாமாயிலுக்கும், கட்டுநர் நாற்காலிக்கும் டெல்லியைக் காட்ட முடியாது. ஆட்சியில் யார் இருந்தாலும் இதே பதில்தான் வருகிறது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது ரேஷன் கடை முன் போராடுகிறவர்கள், கோட்டைக்குப் போனதும் தட்டுப்பாடே இல்லை என்று அறிக்கை விடுகிறார்கள். தட்டுப்பாடு இல்லையென்றால், ஒவ்வொரு கடையிலும் மாதத்தின் 5ஆம் தேதி இருந்த பருப்பு இருப்பையும் அந்தக் கடையின் அட்டை எண்ணிக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் வெளியிடுங்கள். கருவிகளில் அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியதில் புரியாதது எதுவுமில்லை. மூன்று மாதத் தேவைக்கான பருப்பும் பாமாயிலும் எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி கொள்முதலை முன்கூட்டியே முடிக்க வேண்டும். கட்டுநர் இல்லாத கடையே இருக்கக் கூடாது. தொகுப்பூதியம் என்ற அவமானத்தை ஒழிக்க வேண்டும். கடை வாசலில் எடைபோடாமல் ஒரு மூட்டையும் இறங்கக் கூடாது. விற்பனையாளர் வராத நாளை முந்தைய நாளே குறுஞ்செய்தியில் சொல்ல வேண்டும். வாங்காததற்கே குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியமல்ல.

வாசகர்களும் சும்மா திரும்பி வர வேண்டாம். பொருள் இல்லை என்றாலோ, வாங்காததற்குக் குறுஞ்செய்தி வந்தாலோ, 1967 என்ற எண்ணில் புகாரைப் பதியுங்கள். புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூனில் சலுகையாகச் சொன்னதை அரசு நிரந்தர விதியாக்க வேண்டும். ஒரு மாதம் தரத் தவறிய பருப்பும் பாமாயிலும் அந்தக் குடும்பத்துக்கு அரசு பட்ட கடன். அடுத்த மாதம் கேட்காமலேயே அது பில்லில் சேர்ந்து வர வேண்டும். அதற்கான அரசாணை இந்த மாதமே வெளிவர வேண்டும்.