அலுமாரிக் கதவில் 786

நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்தில், நல்லூருக்கு அண்மையில், கடை திறக்கிறார். பழைய தளபாடங்களும் பரிசுப் பொருட்களும் விற்கும் கடை. வங்கியில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் இந்த வயதில் இப்படியொரு தொழிலில் இறங்குவது புத்திசாலித்தனமா என்று அவருடைய மனைவி என்னிடம் கேட்டார். புத்திசாலித்தனமாக நடந்திருந்தால் நான் பத்திரிகைத் தொழிலுக்கே வந்திருக்கமாட்டேன். ஆகவே அக்கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை என்றேன்.

எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை இலகுவானது. “நீர் எழுதுகிற மனிசன். ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு வரி எழுதித் தாரும். வெளிநாட்டிலையிருந்து வாறவை வாசிச்சுப்போட்டு வாங்கவேணும்” என்றார் நண்பர். இரண்டு வாரங்களாக மாலை வேளைகளில் தூசுக்குள் அமர்ந்து எழுதினேன். முதிரை மரத்தில் செய்த சாய்மனைக் கதிரைகள் நான்கு. பிரம்புப் பின்னல் மாத்திரம் புதிது. கைப்பிடியின் கீழ் மடிந்திருக்கும் சட்டத்தை வெளியே திருப்பிக் காலை நீட்டினால், ஒரு தலைமுறைக்கு முந்திய தகப்பன்மார் ஏன் மாலையில் எழும்பவே மாட்டார்கள் என்பது விளங்கும். வேப்பமரப் பெட்டகங்கள், வாங்குகள், படிக்கங்கள், குத்துவிளக்குகள். பரிசுப் பொருளாக அதிகம் விலைபோகப் போவது மூக்குப்பேணிதான் என்பது நண்பரின் கணிப்பு. உதடு படாமல் அருந்துவதற்காக மூக்கு வைத்த அந்தப் பேணி இருந்த வீடுகள் பலவற்றின் கொல்லைப்புறத்தில், வேறு சிலருக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்க்கப்பட்டது என்றும் ஒரு வரி எழுதினேன். நண்பர் அதை வெட்டிவிட்டார். வியாபாரி வெட்டுவதும் ஆசிரியர் வெட்டுவதும் எனக்கு ஒன்றுதான்.

பழசையும், சாயம் பூசிப் பழசாக்கியதையும் பிரித்தறியும் வித்தையை ஒரு தச்சர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். லாச்சியை வெளியே இழுத்துப் பின்புறத்தைப் பார்க்கவேண்டும். முகப்பை எவரும் மினுக்கிவிடலாம். எவர் கண்ணிலும் படாத இடத்தில் பலகைகள் பல்லுக்குப் பல் கோத்திருக்கின்றனவா, ஆணிக்குப் பதிலாக மரமுளை அடித்திருக்கிறதா என்பதே கேள்வி. அவ்வாறு உட்புறம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இடைத்தரகர் ஒருவர் லொறியில் கொண்டுவந்து இறக்கிய தேக்கு அலுமாரியின் கதவின் உட்பக்கத்தில், மங்கிய பச்சைப் பூச்சில் 786 என்ற இலக்கத்தைக் கண்டேன்.

அதன் பொருள் பலருக்கும் தெரிந்திருக்கும். ‘அல்லாஹ்வின் திருப்பெயரால்’ எனத் தொடங்கும் அரபு வாக்கியத்தின் எண் வடிவம் அது. முஸ்லிம் வீடொன்றின் அலுமாரி. எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, “பழைய வீடு இடிச்ச இடத்திலை வாங்கினது ஐயா” என்பதற்கு மேல் தரகர் எதுவும் சொல்லவில்லை.

1990 ஒக்டோபர் 30 அன்று, விடுதலைப் புலிகளின் உத்தரவின்பேரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அலுமாரியை எவரும் தலையில் சுமந்து சென்றிருக்க முடியாது. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துத் தமிழர்கள் வீடுகளைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது, பலருக்குத் திறப்பு இருந்தது, கதவு இருக்கவில்லை.

இங்கே என் வீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். 1991இல் என் தகப்பனார் எனக்கு ஒரு எழுத்துமேசை வாங்கி வந்தார். நல்ல மேசை, நம்பமுடியாத மலிவு. யாருடையது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அப்போது இருபது வயதுக்கு மேல், கேட்டிருக்கவேண்டிய வயது. கேட்கவில்லை. கேட்டால் பதில் என்னவாக இருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பல்கலைக்கழகப் பாடங்களை அதில் வைத்தே படித்தேன். 1996இல் திரும்பி வந்தபோது அந்த மேசை இல்லை. “எங்கடை மேசையையும் கொண்டுபோட்டாங்கள்” என்று அம்மா அழுதார். ‘எங்கடை’ என்ற சொல் எனக்கு அன்று உறுத்தவில்லை.

இன்று உறுத்துகிறது. ஆகவே நண்பரிடம் ஒரு கோரிக்கையை வைத்தேன். ஒவ்வொரு பொருளின் சீட்டிலும் அதன் வயதையும் மரத்தையும் எழுதுவதோடு, எவரிடமிருந்து, எந்த ஊரில், எப்போது வாங்கியது என்பதையும் எழுதுவோம். தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே எழுதுவோம். பெயரோ முதலெழுத்தோ பொறித்த பொருளைப் படமெடுத்து ஆறு மாதம் விற்காமல் வைத்திருப்போம். உரியவர் வந்து அடையாளம் சொன்னால், நீர் கொடுத்த விலைக்கே திருப்பிக் கொடும்.

நண்பர் நியாயமான மனிதர். அவருடைய எதிர்வாதமும் நியாயமானதே. “போன சனத்திலை சிலர் பிறகு திரும்பி வந்து, தாங்களே வீட்டையும் சாமானையும் வித்தவை. இது அப்பிடி வித்ததாயும் இருக்கலாம். எல்லாத்தையும் களவெண்டு பாத்தால் யாழ்ப்பாணத்திலை ஒரு கதிரையிலும் இருக்கேலாது” என்றார். உண்மைதான். எனினும் ‘இருக்கலாம்’ என்பதற்கு அடியில் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுகமானது என்பதை அந்த எழுத்துமேசையில் இருந்து படித்தவன் நான்.

சட்டம் இதில் அதிகம் உதவாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் இத்தகைய பொருட்களின் ஏற்றுமதிக்கும் வணிகத்துக்கும் அனுமதிப்பத்திரம் கோருகிறது. பொருள் நாட்டைவிட்டுப் போய்விடக்கூடாது என்பதே அதன் முதற்கவலை. உலகமும் கதிரை மேசைகளைப் பொருட்படுத்துவதில்லை. 1942 முதல் 1944 வரை பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 70,000 யூத வீடுகளை நாஜிகள் வெறுமையாக்கித் தளபாடங்களை ஜேர்மனிக்கு ஏற்றினார்கள். 1998இல் வொஷிங்டனில் கூடிய 44 நாடுகள் வகுத்த கோட்பாடுகளோ கலைப்படைப்புகளுக்கானவை. ஓவியத்துக்கு ஓவியரின் பெயரும் பட்டியலும் உண்டு. சமையலறை அலுமாரிக்கு என்ன உண்டு? கதவின் உட்பக்கத்தில் ஒரு இலக்கம், அதுவும் தற்செயலாக.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு ஒன்று. விடுமுறைக்கு ஊருக்கு வந்து, அப்பாவின் நினைவாக ஒரு சாய்மனைக் கதிரை வாங்க விரும்புகிறீர்கள், வாங்குங்கள். அதற்கு முன், இது எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் ஒரு தடவை கேளுங்கள். விலையைப் பற்றிப் பேரம் பேசும் நேரத்தில் பத்திலொரு பங்கு போதும். நான் எழுதிக் கொடுக்கும் சீட்டைவிட, வாங்குபவரின் கேள்விக்கே எந்த வியாபாரியும் பயப்படுவார்.

நண்பர் என் கோரிக்கையில் பாதியை ஏற்றுக்கொண்டார். ஊரும் திகதியும் சீட்டில் இருக்கும். விற்றவர் பெயர் ஒரு கொப்பியில் மாத்திரம் இருக்கும். ஆறு மாதம் மூன்று மாதமாயிற்று. அலுமாரியின் படத்தைப் புத்தளத்தில் குடியேறிய யாழ்ப்பாணத்து முஸ்லிம் அன்பர் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறோம். தொழுகைக்கு வரும் முதியவர்களிடம் காட்டுவதாகச் சொன்னார். இதுவரை பதிலில்லை. அலுமாரி கடையின் பின்னறையில் நிற்கிறது. பரிசுப் பொருள் சுற்றும் வண்ணத் தாள்களை இப்போதைக்கு அதற்குள் அடுக்கி வைத்திருக்கிறார் நண்பர்.