கலஹாரியில் ஒரு கூட்டுக் குடும்பம்

வீட்டில் இருபது பேர். மூத்தவள் வைத்ததுதான் சட்டம். பிள்ளை பெறுவது அவள், வளர்ப்பது மற்றவர்கள். மகள்களும் தங்கைகளும் காவல் இருக்க வேண்டும், ஊட்டிவிட வேண்டும், சமயத்தில் பால்கூடக் கொடுக்க வேண்டும். அவர்களில் ஒருத்தி தானும் ஒரு குழந்தைக்குத் தாயாக ஆசைப்பட்டாளோ, போச்சு! வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதுதான்.

"இது எந்தத் தொடர்கதையின் முன்கதைச் சுருக்கம்?" என்று கேட்கிறீர்களா, சகோதரிகளே? கதையே இல்லை. ஆப்பிரிக்காவின் தென்கோடியில், கலஹாரி மணற்காட்டில் வாழும் மீர்காட் என்ற சிறு பிராணியின் குடும்ப விவகாரம் இது.

பெயரின் பின்பாதியில் பூனை இருக்கிறதே ஒழிய, மீர்காட் பூனை அல்ல. நம் ஊர்க் கீரிப்பிள்ளையின் இனம் அது. பின்னங்காலில் நிமிர்ந்து நின்றால் ஓர் அடி உயரம். எடை சுமார் முக்கால் கிலோ. கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கறுப்பு வளையம்; வெயிலின் கூச்சத்தைத் தணிக்க இயற்கை இட்ட மை. 1994-ல் வந்த 'தி லயன் கிங்' படத்தில் அரட்டை அடிக்கும் டிமோனை உங்கள் வீட்டுக் குழந்தைகள் பார்த்திருப்பார்கள். அவன் மீர்காட்தான்.

இதன் வீட்டு ரகசியமெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? 1993-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த டிம் க்ளட்டன்-பிராக் என்ற பேராசிரியர், தென்னாப்பிரிக்காவில் குருமான் ஆற்றுப் படுகையில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். வேவு பார்ப்பதற்கு அங்கே கண்டுபிடித்த தந்திரம் என்ன தெரியுமா? அவித்த முட்டை! துளி முட்டைக்கும் ஒரு வாய்த் தண்ணீருக்கும் ஆசைப்பட்டு, மீர்காட்டுகள் தாமாகவே வந்து தராசுத் தட்டில் ஏறி நிற்கப் பழகிவிட்டன. யார் இளைத்தார், யார் பருத்தார், யார் கர்ப்பம் என்பதெல்லாம் குறிப்பில் ஏறியது.

விடிந்ததும் வளையிலிருந்து எல்லாரும் வெளியே வருவார்கள். ரோமம் குறைந்த வயிற்றைச் சூரியனுக்குக் காட்டி வரிசையாக நிற்பார்கள். குளிர் விட்டதும் வேட்டை. வண்டு, புழு, பல்லி, தேள் என்று மண்ணுக்குள் இருப்பதைத் தோண்ட வேண்டும். தலை மண்ணுக்குள் இருக்கும்போது கழுகும் நரியும் வந்தால் யார் பார்ப்பது? அதற்குத்தான் காவல். ஒன்று மேட்டிலோ புதரிலோ ஏறி நின்று, "நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பதுபோல் மெல்ல முனகிக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் கூச்சல். அதிலும் வானத்து எதிரிக்கு ஒரு குரல், தரையில் வருகிற எதிரிக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல்! ஆபத்து எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதற்கேற்பக் குரலின் பதற்றமும் மாறும். மார்த்தா மான்ஸர் என்ற பெண் விஞ்ஞானி இவற்றைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்.

இந்தக் கூச்சலை வைத்துப் பிழைக்கிற ஒரு போக்கிரியும் உண்டு. நம் ஊர் இரட்டைவால் குருவியின் உறவுக்காரப் பறவை ஒன்று, மீர்காட் போலவே அபாயக் குரல் கொடுக்கும். பயந்தவர்கள் பிடித்த இரையைப் போட்டுவிட்டு ஓட, அதை இது தூக்கிக்கொண்டு போய்விடும். எப்படி இருக்கிறது சாமர்த்தியம்!

காவல் நிற்பது தியாகம் என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1999-ல் வெளியான ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்லிற்று. வயிறு நிறைந்தவர்தான் காவலுக்கு ஏறுகிறார். முட்டை கொடுத்தால் அதிக நேரம் நிற்கிறார். ஆபத்து வந்தால் முதலில் பார்த்து முதலில் ஓடுகிறவரும் அவரே. உண்டபின் செய்கிற உபகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குழந்தை வளர்ப்பு அப்படி அல்ல. அங்கேதான் உண்மையான பாரம்.

பிறந்த குட்டிகள் சுமார் மூன்று வாரம் வளைக்குள்ளேயே இருக்கும். எல்லாரும் வேட்டைக்குப் போகும்போது, அத்தையோ அக்காவோ யாராவது ஒருவர் வளை வாசலில் தங்கிவிட வேண்டும். நாள் முழுவதும் பட்டினி. வேட்டைக்குப் போனவர்கள் எடை கூடித் திரும்புவார்கள், வீட்டிலிருந்தவர் இளைத்திருப்பார். தராசு பொய் சொல்லுமா?

குட்டிகள் வெளியே வந்தபின் பள்ளிக்கூடம் தொடங்கும். பாடம்: தேள் தின்பது எப்படி? சின்னக் குட்டிக்குச் செத்த தேள். கொஞ்சம் வளர்ந்ததும், கொடுக்கைக் கடித்து எறிந்துவிட்ட உயிருள்ள தேள். இன்னும் வளர்ந்தால் கொடுக்கோடு முழுத் தேள். குட்டி தயங்கினால் பெரியவர் மூக்கால் தேளைத் தள்ளிவிடுவார்; தேள் ஓடினால் பிடித்து வந்து மறுபடி முன்னால் போடுவார். குட்டியின் வயதை இவர்கள் எப்படி அறிகிறார்கள்? கெஞ்சும் குரலை வைத்து! அலெக்ஸ் தார்ன்டனும் கேத்தரின் மெக்காலிஃபும் 2006-ல் இதை வெளியிட்டார்கள். சிறு குட்டிகள் இருந்த இடத்தில் பெரிய குட்டிகளின் குரலை ஒலிபரப்பிப் பார்த்தார்கள். உடனே உயிருள்ள தேள்கள் வரத் தொடங்கின!

இத்தனை பாடுபடுகிறவர்களுக்கு வீட்டில் என்ன மரியாதை?

நம் கதைகளில் வருகிற மாமியார், மருமகள் சண்டை இங்கே கிடையாது. ஏனென்றால் மருமகளே கிடையாது! மகன்கள் வளர்ந்தால் துணை தேடி வேறு கூட்டத்துக்குப் போய்விடுவார்கள். மகள்கள் பிறந்த வீட்டிலேயே தங்குவார்கள். ஆகவே போட்டியெல்லாம் தாய்க்கும் மகளுக்கும், அக்காவுக்கும் தங்கைக்கும்.

மூத்தவள் கர்ப்பமாகி நாள் நெருங்க நெருங்க, வளர்ந்த மகள்களைக் கடித்து விரட்டத் தொடங்குவாள். முக்கியமாக, தானும் கர்ப்பமாயிருப்பவளை. விரட்டப்பட்டவள் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி எட்ட நின்று அலைவாள். காவல் சொல்ல ஆள் இல்லை. உடல் இளைக்கும், கர்ப்பம் கலைந்துபோவதும் உண்டு. அப்படியே வீட்டில் இருந்து பெற்றுவிட்டாலும், மூத்தவள் அந்தக் குட்டிகளைக் கொன்றுவிடுவாள். பாவம், மகள் பரம சாது என்றும் நினைக்காதீர்கள். கர்ப்பமான மகள், தாயின் குட்டிகளைக் கொல்வதும் உண்டு. தாய் விரட்டுவதற்கு அதுவே காரணம்.

மூத்தவளுக்குப் பிரசவம் ஆனபின், விரட்டப்பட்டவள் தயங்கித் தயங்கித் திரும்புவாள். சேர்த்துக்கொள்வார்கள். தன் குட்டியை இழந்த அவளே, தாயின் குட்டிகளுக்குப் பால் கொடுக்கப் படுப்பாள். வீட்டில் இருக்க அவள் கொடுக்கும் வாடகை அது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். தனியாக இருந்தால் சாவு. கூட்டத்தில் இருந்தால் உயிராவது மிஞ்சும். அந்தக் கணக்கை அவள் உடம்பு அறிந்திருக்கிறது.

உயிர் மட்டும் அல்ல, ஒரு நம்பிக்கையும் உண்டு. தாய் இறந்தால் பெரும்பாலும் மூத்த, கனத்த மகளுக்கே தலைமை. ஆகவே எடை என்பது அங்கே ஆஸ்தி! 2016-ல் வெளியான ஒரு சோதனையில், தங்கைக்கு மட்டும் மூன்று மாதம் முட்டை கொடுத்துப் பருக்கவைத்தார்கள். அதைக் கண்ட அக்கா என்ன செய்தாள் தெரியுமா? தானாகவே அதிகம் தேடித் தின்று எடையைக் கூட்டிக்கொண்டாள்!

இந்த ஆராய்ச்சி நடந்த இடத்தில் ஃப்ளவர் என்று பெயரிடப்பட்ட தலைவி ஒருத்தி இருந்தாள். 2005-ல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரால் உலகம் முழுதும் பிரசித்தி பெற்றாள். மகள்களை ஈவிரக்கமின்றி விரட்டியவள்தான். 2007-ல் பாம்பு கடித்து அவள் இறந்தபோது, எங்கெங்கோ இருந்த ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். அவளுடைய மகள்களில் ஒருத்தியே பிறகு தலைவியானாள்.

தலைமைக்கு வருகிற மகள் தாய் செய்ததையே செய்கிறாள். நேற்று வாடகைப் பால் கொடுத்தவளுக்கு இன்று வேறொருத்தி பால் கொடுக்கிறாள். இவளை அரக்கி என்பதா, அபலை என்பதா? காலத்தைப் பொறுத்தது!

அடுத்த முறை படத்தில் மீர்காட்டுகள் தோளோடு தோள் நின்று வெயில் காய்வதைப் பார்த்தால், "அடடா, என்ன ஒற்றுமை!" என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். வரிசையின் கடைசியில் கொஞ்சம் இளைத்து நிற்கிறவளையும் ஒரு கணம் பாருங்கள். நேற்று முழுவதும் பட்டினியாக வளை வாசலில் உட்கார்ந்து, யார் பெற்ற பிள்ளைகளையோ காத்தவள் அவளாக இருக்கக்கூடும்.