கணனிப் பாடம்: பெயரைப் பிரிக்கும் ஒழுங்கு

இங்கே ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகள் கணனிக்கு நிரல் எழுதிப் பழகுகிறார்கள். பல பள்ளிகளில் அது பைதன் மொழி. படிப்பை இடையில் விட்டுத் தொழிற்சாலைக்குப் போகிற எங்களைப் போன்றவர்களும் கூட இருந்து பார்த்தால் விளங்கும். இம்முறை ‘அன்பாக்கிங்’.

பெட்டியை உடைத்து உள்ளே உள்ளவற்றைத் தனித்தனித் தட்டில் வைக்கிறோமே, அதுதான். சமன் குறிக்கு இடப்பக்கம் காற்புள்ளியிட்டு இரண்டு பெயர், வலப்பக்கம் ஒரு பொருள். பைதனோடு வரும் பட்டியல்கள் உடனே பிரியும். நாங்களே கிளாஸ் எழுதி உண்டாக்கிய பொருள் பிரியாது. ‘டைப் எரர்’ என்று நிற்கும். எப்படிப் பிரிவதென்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

முத்தையா முரளிதரனை எடுப்போம். முத்தையா தகப்பன் பெயர், முரளிதரன் அவருடைய பெயர். தகப்பனோ சின்னசாமி முத்தையா. பின்னால் வருவதைக் குடும்பப் பெயர் என்று படிவம் எடுத்தால் தகப்பனுக்கு ஒன்று, மகனுக்கு வேறொன்று. 2007இல் வந்த வார்ன்–முரளிதரன் கிண்ணத்திலும் ஒன்று குடும்பப் பெயர், மற்றது சொந்தப் பெயர்! எங்கள் வீடுகளில் தாய்க்கும் பிள்ளைக்கும் கடைசிப் பெயர் வேறாக இருப்பதால், ‘இது உங்கள் பிள்ளையா?’ என்று அலுவலகங்களில் கேட்கிறார்கள். பள்ளியில் பிள்ளையை அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள்.

பைதனில் இதற்கு வழி உண்டு. ‘பெயர்’ என்று ஒரு கிளாஸ். அதில் தன்பெயர், தகப்பன்பெயர். உள்ளே ‘இட்டர்’ என்ற மெதட், அச்சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு. அதனுள் ‘யீல்ட்’ தன்பெயர். அடுத்த வரியில் ‘யீல்ட்’ தகப்பன்பெயர். யீல்ட் என்றால் ஒன்றைக் கையளித்துவிட்டு அடுத்ததைக் கேட்கும்வரை காத்திருப்பது. அவ்வளவுதான், பொருள் இரண்டாகப் பிரியும்.

கவனிக்க: பைதன் ஒழுங்கை மட்டுமே பார்க்கும். முதலில் கையளித்தது முதல் இடத்துக்குப் போகும். தகப்பன் பெயரை முதலில் கையளித்தால் எந்த எரரும் வராது, பிள்ளைதான் அப்பாவாகிவிடும். ஆகவே ஒழுங்கைக் கிளாஸ் எழுதும்போதே தீர்மானியுங்கள். இரண்டு இடத்துக்கு மூன்றைக் கையளித்தால் ‘வேல்யூ எரர்’. பாட்டன் பெயரும் வேண்டுமென்றால் இடப்பக்கத்துக் கடைசிப் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இடுங்கள். மிஞ்சியதெல்லாம் பட்டியலாக அதற்குள் போகும். 2018இல் வந்த ‘டேட்டாகிளாஸ்’ இதையெல்லாம் தானாகச் செய்யுமென்று சிலர் நினைக்கிறார்கள். செய்யாது.

2008இல் பைதன் 3 வந்தபின் தன்பெயர், தகப்பன்பெயர் என்பவற்றைத் தமிழ் எழுத்திலேயே தட்டலாம். யீல்ட் போன்ற கட்டளைகள் மட்டும் ஆங்கிலம். பிள்ளையோடு இருந்து எழுதிப் பாருங்கள்.